மாஸ்டர்ஸ் படிப்பு பாதியில் நிற்கிறதா? கடிதத்தில் வரும் மூன்று சொற்களைக் கவனியுங்கள்

சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "ஸ்கூல்ல யாருக்கும் தெரியாதும்மா" என்றார். தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து, பிறகு பகுதி நேரமாக இளங்கலைப் பட்டமும் வாங்கியவர். அவர் வீட்டில் சாமி மேடைக்குக் கீழே உள்ள இழுப்பறையில் ஒரு நீல நிறக் கோப்பு இருக்கிறது. அதில் மூன்று கடிதங்கள். ஒன்று, முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்ததாக வந்த கடிதம். இன்னொன்று, ஆய்வு முன்மொழிவு ஏற்கப்பட்டதாக வந்த கடிதம். கடைசிக் கடிதம், நீங்கள் இனி இப்பல்கலைக்கழகத்தின் மாணவர் இல்லை என்று தெரிவிக்கிறது.

அவர் எந்தத் தேர்விலும் தோற்கவில்லை. எடுத்த பாடங்கள் அனைத்திலும் தேர்ச்சி. ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயங்களை எழுதி முடித்திருந்தார். மூன்றாவதைத் தொடங்கிய நேரத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம். ஈப்போ மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வீட்டுக்குமாக ஓடிய அந்த ஓராண்டில் பல்கலைக்கழக இணையத்தளத்தை அவர் திறக்கவே இல்லை. இரண்டு செமஸ்டர்களுக்குப் பதிவு செய்யவில்லை.

"அம்மா கொஞ்சம் தேறினதும் நேர்ல போயி சொன்னா புரிஞ்சுக்குவாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

அங்கிருந்த மனிதர்கள் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் பதிவு முறை மனிதர் இல்லை. தேதி கடந்தால் பெயரை நீக்கும், காரணம் கேட்காது.

ஒவ்வொரு பட்டமளிப்புக் காலத்திலும் எங்கள் அலுவலகத்துக்கு அங்கி அணிந்த பிள்ளைகளின் படங்கள் வந்து குவியும். பூச்செண்டு, பக்கத்தில் பட்டுச் சேலையில் அம்மா, கொஞ்சம் பெரிய கோட்டுக்குள் அப்பா. அவற்றைப் பக்கத்தில் போடும்போது எனக்கும் மகிழ்ச்சிதான். பாதியில் நின்றவர்களின் படம் யாருக்கும் வருவதில்லை. அவர்களில் பலர் படிக்க முடியாமல் நின்றவர்கள் அல்லர். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருந்ததால் நின்றவர்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காகவும், அடுத்த செமஸ்டரில் பதிவு செய்யப் போகிறவர்களுக்காகவும்.

எல்லா மாஸ்டர்ஸும் ஒன்றல்ல

"மகள் மாஸ்டர்ஸ் செய்கிறாள்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். மலேசியாவில் அது மூன்று வகை. வகுப்புக்குப் போய்ப் பாடங்களை எடுத்து முடிப்பது ஒன்று. ஆய்வு மட்டுமே செய்து ஆய்வேடு கொடுப்பது இன்னொன்று. இரண்டையும் கலந்து செய்வது மூன்றாவது. சுங்கை சிப்புட் ஆசிரியை சேர்ந்தது மூன்றாவது வகையில்.

சேரும்போது இந்த வேறுபாட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கட்டணம் எவ்வளவு, வகுப்பு சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்பதோடு கேள்வி முடிந்துவிடும். ஆனால் பட்டம் கைக்கு வர என்னென்ன நிறைவேற வேண்டும் என்பது இந்த வகையைப் பொறுத்தே இருக்கிறது.

நாட்டின் உயர்கல்வித் தகுதிகளுக்கு அளவுகோல் வகுப்பது எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிறுவனம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அதன் தகுதிக் கட்டமைப்பில் இளங்கலை 6ஆம் நிலை, முதுகலை 7ஆம் நிலை, முனைவர் பட்டம் 8ஆம் நிலை. பாட வழி முதுகலைக்குக் குறைந்தது 40 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு. வகுப்பு, வாசிப்பு, கட்டுரை, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடங்கும். பெருக்கிப் பாருங்கள், 1,600 மணி நேரம் வருகிறது. இரண்டு ஆண்டுகளில் முடிக்க நினைக்கும் ஒருவர் வாரம் தவறாமல் 15 மணி நேரம் ஒதுக்க வேண்டும். பள்ளி விடுமுறை, தீபாவளி, தைப்பூசம், வீட்டுக் கல்யாணம் எதற்கும் கழிவு இல்லாத கணக்கு இது.

இன்னொன்று மதிப்பெண். இளங்கலையில் 2.00 சராசரி இருந்தால் தப்பித்துவிடலாம். பாட வழி முதுகலையில் பட்டம் பெறுவதற்கான மொத்தச் சராசரி 3.00. அதாவது பி தரத்துக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் பாடங்களை எல்லாம் முடித்தும் பட்டம் கிடைக்காது. ஒரு செமஸ்டர் சரிந்ததும் எச்சரிக்கைக் கடிதம் வரும். "பாஸ்தானே பண்ணியிருக்கேன், எதுக்குக் கடிதம்?" என்று கேட்ட தோழி எனக்கு உண்டு. இளங்கலைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதுகலை விதியைப் படித்தாள்.

ஆய்வு வழிப் படிப்புக்கு கிரெடிட் கணக்கு கிடையாது. அங்கே கணக்கு முழுவதும் காலமும் கட்டங்களும்தான். அதனாலேயே அது சுதந்திரமானது போலத் தெரியும். வகுப்பு இல்லை, தேர்வு இல்லை, வீட்டிலிருந்தே எழுதலாம் என்று வேலைக்குப் போகிறவர்கள் விரும்பிச் சேர்வதும் அதில்தான். சத்தமில்லாமல் விழுவதும் அதில்தான்.

கடிகாரம் நிற்பதில்லை

ஒவ்வொரு படிப்புக்கும் குறைந்தபட்சக் காலம் ஒன்று, அதிகபட்சக் காலம் ஒன்று உண்டு. எத்தனை செமஸ்டர் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், முழுநேரமா பகுதிநேரமா என்பதற்கேற்ப மாறும். எல்லா இடத்துக்கும் பொதுவானது, முதல் பதிவு செய்த நாளிலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்பது. மேற்பார்வையாளர் கிடைக்க மூன்று மாதம் ஆனாலும், தலைப்பு முடிவாக ஆறு மாதம் ஆனாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஆய்வு மாணவர்களும் ஒவ்வொரு செமஸ்டரும் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். பாடம் எதுவும் எடுக்காவிட்டாலும், எழுதிக்கொண்டு மட்டும் இருந்தாலும் பதிவு கட்டாயம். "எல்லாப் பாடமும் முடிச்சாச்சு, ஆய்வேடுதானே பாக்கி, அதை முடிச்சிட்டுப் போயி கொடுத்தாப் போச்சு" என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. இது தவறு. பதிவு இல்லாதவர் ஆய்வேட்டைக் கொடுத்தால் வாங்கவே மாட்டார்கள்.

இதில் நானும் சறுக்கியிருக்கிறேன். ஒரு இடைத்தேர்தல் செய்திக்காக இரண்டு வாரம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது பதிவுக் காலம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தாமதக் கட்டணம் கட்டி, விளக்கக் கடிதம் எழுதி, ஒரு மதியம் முழுவதும் முகப்பில் நின்றுதான் உள்ளே போக முடிந்தது. நான்கு நாள் என்பதால் பணத்தோடு போயிற்று. இரண்டு செமஸ்டர் என்றால் கதை வேறு.

பழைய கட்டணப் பாக்கி இருந்தால் இணையப் பதிவுப் பக்கம் திறக்காது. சிலருக்கு நூலக அபராதம்கூடப் பதிவைத் தடுத்திருக்கிறது. கையில் பணம் இல்லாத செமஸ்டரில் மாணவர் செய்வது, அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவது. பல பல்கலைக்கழகங்களில் கட்டணத்தைப் பிரித்துக் கட்ட விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் இருக்கிறது என்பது கேட்டால்தான் தெரியும்.

மூன்று சொற்கள்

பல்கலைக்கழகக் கடிதங்கள் பெரும்பாலும் மலாயில் வரும். நமக்கு மலாய் தெரியும்; ஆனால் அலுவலக மலாய் வேறு. ஆசிரியையின் நீலக் கோப்பைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, இந்த மூன்று சொற்களை மட்டுமாவது எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதல் சொல் 'பெனாங்குஹான்'. ஒத்திவைப்பு. உடல்நலம், பிரசவம், குடும்பச் சிக்கல், வேலை மாற்றம் போன்ற காரணங்களுக்காக ஒரு செமஸ்டரோ இரண்டோ படிப்பை நிறுத்தி வைக்கக் கேட்பது. கேட்டவர் மாணவராகவே தொடர்கிறார். இடம் பறிபோகாது. ஆனால் இதை உரிய தேதிக்குள், உரிய படிவத்தில், மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு கேட்க வேண்டும். எல்லாம் நடந்து முடிந்த பிறகு போய் "அப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்வது ஒத்திவைப்பு ஆகாது.

இதில் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. மருத்துவக் காரணத்துக்காக ஒத்திவைத்த செமஸ்டரைப் பல இடங்களில் அதிகபட்சக் காலத்தில் சேர்ப்பதில்லை. தனிப்பட்ட காரணம் என்று எழுதினால் அந்தச் செமஸ்டரும் கணக்கில் சேரலாம். அதாவது படிப்பு நிற்கும், கடிகாரம் ஓடும். உங்கள் பல்கலைக்கழக விதிப்புத்தகத்தில் நான் முதலில் தேடச் சொல்வது இந்த வரியைத்தான். மருத்துவச் சான்றிதழ் கையில் இருக்கும்போது வெட்கப்பட்டுக்கொண்டு "தனிப்பட்ட காரணம்" என்று எழுதிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். குறிப்பாகப் பெண்கள். கருச்சிதைவு, மனச்சோர்வு என்று படிவத்தில் எழுத மனம் வருவதில்லை. மருத்துவரின் கடிதத்தை இணைத்தால் போதும். படிவத்தில் கதை எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது சொல் 'தாரிக் டிரி'. நீங்களாகவே விலகுவது. இதைத் தோல்வி என்று நினைத்து யாரும் செய்ய விரும்புவதில்லை. உண்மையில் இது கௌரவமான வழி. முறையாக விலகியவரிடம் முடித்த பாடங்களின் மதிப்பெண் பட்டியல் இருக்கும், பதிவு சுத்தமாக இருக்கும், மேலும் கட்டணம் ஏறாது. செமஸ்டர் தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் விலகினால் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. பின்னாளில் மீண்டும் விண்ணப்பிக்கும்போது "நானே விலகினேன்" என்று எழுத முடியும்.

மூன்றாவது 'டிதாமாட்கான்'. உங்கள் மாணவர் தகுதியைப் பல்கலைக்கழகம் முடிவுக்குக் கொண்டு வந்துவிட்டது என்று பொருள். பதிவு செய்யாதது, மதிப்பெண் போதாதது, முன்னேற்ற அறிக்கை தொடர்ந்து திருப்தியில்லாதது, காலம் தீர்ந்தது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஆசிரியைக்கு வந்த கடிதத்தில் இருந்த சொல் இதுதான். அவர் அதை முதலில் ஒத்திவைப்பு என்று நினைத்துக்கொண்டு கோப்பில் வைத்துவிட்டார். "சரி, அவங்களே நிறுத்தி வச்சிட்டாங்க, நல்லதுதான்னு நினைச்சேன்." அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் மேல்முறையீட்டுக்கு, அதாவது ராயுவானுக்கு, நாள் கொடுத்திருந்தார்கள். அவர் அதைப் படித்துப் புரிந்துகொண்டபோது அந்த நாளும் கடந்திருந்தது.

"ஐயாவைத் தொந்தரவு பண்ணலாமா?"

ஆய்வு மாணவருக்கு விதிப்புத்தகத்தைவிட முக்கியமானவர் மேற்பார்வையாளர். நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆசிரியர் என்றால் எழுந்து நின்று பழகியவர்கள் நாம். ஐயா வேலையாக இருப்பார், அம்மையார் வெளிநாடு போயிருக்கிறார், அரைகுறை அத்தியாயத்தை எப்படி அனுப்புவது என்று மரியாதை கருதியே மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறோம். மறுமுனையில் அந்தப் பேராசிரியர், மாணவருக்கு ஆர்வம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் செமஸ்டர்தோறும் முன்னேற்ற அறிக்கை போகிறது. பேசாத மாணவரைப் பற்றி அதில் என்ன எழுதுவார்?

நான் பட்டப்படிப்பு படித்த காலத்தில் எங்கள் துறையில் ஒரு மூத்த மாணவர் இருந்தார். வாரம் ஒரு பத்தி எழுதினாலும் அதை மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிடுவார். நாங்கள் சிரிப்போம். எங்கள் கூட்டத்தில் முதலில் ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

மேற்பார்வையாளர் ஓய்வு பெறலாம், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடலாம், ஒத்துப்போகாமலும் போகலாம். மாற்றுவதற்குப் படிவம் இருக்கிறது. மாற்றக் கேட்பது குருத் துரோகம் இல்லை. சந்தித்த நாள், பேசிய விஷயம், அடுத்துச் செய்ய வேண்டியது என்று மூன்று வரி மின்னஞ்சலை ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அனுப்பி வைத்தால், பிற்காலத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டி வந்தால் கையில் ஆதாரம் இருக்கும். வாட்ஸ்அப்பில் பேசியது போதாது. கைப்பேசி மாறும்போது அதுவும் போய்விடும்.

முன்மொழிவிலிருந்து வைவா வரை

ஆய்வு வழியில் சேர்ந்தவர் கடக்க வேண்டிய படிகள் பெரும்பாலும் இப்படி இருக்கும். ஆய்வு முறைமைப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும். பிறகு முன்மொழிவை ஒரு குழுவின் முன் படைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் திருத்தி மீண்டும் படைக்கலாம். ஆனால் அதற்கும் கெடு உண்டு. மக்களிடம் தகவல் திரட்டும் ஆய்வு என்றால் அனுமதிகள் வாங்க வேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுக்க நினைப்பவர் தலைமையாசிரியரிடம் வாய்வழியாகக் கேட்டுக்கொண்டு போய்விட முடியாது. கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும். இதற்காகும் வாரங்களையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எழுதி முடிக்கும் தறுவாயில், ஆய்வேட்டைக் கொடுக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் இது மூன்று மாதங்களுக்கு முன்பே. அந்த இடைவெளியில்தான் தேர்வாளர்களை நியமிக்கிறார்கள். கடைசிச் செமஸ்டரின் கடைசி மாதத்தில் இந்த அறிவிப்பைப் பற்றிக் கேள்விப்படுகிறவர் இன்னொரு செமஸ்டர் கட்டணம் கட்டுவார். பிற நூல்களோடு ஒப்புமை எத்தனை விழுக்காடு என்று காட்டும் மென்பொருள் அறிக்கையும் இணைக்க வேண்டும். மேற்கோள் குறி போடாமல் நாலு பத்தி எடுத்து ஒட்டியவர்கள் மாட்டுவது இங்கேதான்.

சில துறைகளில், பட்டம் பெறுவதற்கு முன் ஆய்விதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். முனைவர் பட்டத்துக்கு இது கூடுதலாக எதிர்பார்க்கப்படுகிறது. தமிழாய்வு செய்பவர்களுக்கு ஏற்ற ஆய்விதழ்கள் அதிகமில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் 'தமிழ்ப் பேராய்வு' போன்றவை கைவிரலில் எண்ணத்தக்கவை. ஒரு கட்டுரையை அனுப்பி, மதிப்பீடு வந்து, திருத்தி, வெளியாக மாதங்கள் பல ஆகும். இந்தத் தவிப்பைக் குறி வைத்தே, பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல்கள் வரும். பல்கலைக்கழகம் எந்த இதழ்ப் பட்டியலை ஏற்கிறது என்று கேட்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

தமிழில் ஆய்வேடு எழுதலாமா என்று வாசகர்கள் கேட்பதுண்டு. 1956இல் தொடங்கப்பட்ட இந்திய ஆய்வியல் துறையில் தமிழிலேயே ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்த மொழியில் எழுதுவது என்பதைச் சேரும்போதே எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும். தமிழில் எழுதினாலும் ஆய்வுச் சுருக்கத்தை மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்பார்கள். அதைக் கடைசி இரவில் கூகிளிடம் கொடுத்து மொழிபெயர்த்துவிட்டுத் தேர்வாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த அத்தியாயங்களை இணையத்தில் ஏற்றியதும் எல்லாம் கட்டம் கட்டமாக மாறிப் போன சோகமும் உண்டு. முதல் பக்கத்திலிருந்தே யூனிகோட்டில் எழுதுங்கள்.

அடுத்தது வைவா எனும் வாய்மொழித் தேர்வு. உள் தேர்வாளர், வெளித் தேர்வாளர், தலைவர் என்று சிலர் அமர்ந்திருக்க, உங்கள் ஆய்வை நீங்களே காத்துப் பேச வேண்டும். முடிவு தேர்ச்சி, தோல்வி என்று இரண்டாக மட்டும் வராது. திருத்தமின்றி ஏற்பு அரிது. சிறு திருத்தத்தோடு ஏற்பு, பெரிய திருத்தத்தோடு ஏற்பு, மீண்டும் எழுதிச் சமர்ப்பித்தல் என்று இடையில் பல படிகள். முனைவர் பட்டத்துக்கு வந்தவருக்கு முதுகலை வழங்கலாம் என்ற பரிந்துரையும் அரிதாக வருவதுண்டு.

பெரிய திருத்தம் என்று கேட்டதும் உடைந்துபோய் வீட்டுக்கு வந்து, ஆய்வேட்டைப் பரணில் போட்டவர் ஒருவரைக் கிள்ளானில் சந்தித்தேன். தேர்வாளர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையை அவர் முழுதாகப் படிக்கவே இல்லை. வருத்தம். ஒரு மாலை உட்கார்ந்து இருவரும் படித்தோம். பதினேழு குறிப்புகள். அவற்றில் பதினொன்று மேற்கோள் வடிவம், அட்டவணைத் தலைப்பு போன்றவை. உண்மையில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியவை ஆறுதான். திருத்தங்களுக்கும் காலக்கெடு உண்டு என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. நல்ல வேளை, இன்னும் ஐந்து வாரம் மிச்சம் இருந்தது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. வைவா முடிந்த அன்றே வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்து, மறுநாள் கேக், மறுவாரம் கோயிலில் அர்ச்சனை. திருத்தம் செய்து, தேர்வாளர் கையெழுத்து வாங்கி, இறுதிப் பிரதியைக் கொடுத்து, நூலகத்திலும் கட்டணப் பிரிவிலும் பாக்கி இல்லை என்று உறுதி செய்து, செனட் ஒப்புதல் தந்த பிறகுதான் பட்டம். அதற்கு முன்பே பெயருக்கு முன்னால் முனைவர் போட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்த வீட்டுக்காரர்களுக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

காசும் கதவும்

முதுகலைக்குக் கட்டும் கட்டணத்துக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை விலக்குப் பெறலாம். முதுகலையும் முனைவரும் எந்தத் துறையாக இருந்தாலும் சரி. ஊழியர் சேமநிதியிலிருந்தும் கல்விக்காகப் பணம் எடுக்கலாம்; உங்களுக்காகவோ பிள்ளைகளுக்காகவோ. வாரியத்துக்குக் காட்டப் பதிவுக் கடிதமும் கட்டண விவரமும் வேண்டும். அதாவது இங்கேயும் பதிவு நடப்பில் இருப்பது அவசியம். ஹடியா லாத்திஹான் பெர்செகுத்துவான் உதவியில் படிக்கும் ஆசிரியர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். குறித்த காலத்தில் முடிக்காவிட்டால் பணம் திருப்பிக் கட்ட வேண்டிய நிலை வரலாம்.

இளங்கலைப் பட்டம் இல்லாதவர்களுக்கு ஒரு வாசல் இருப்பது தோட்டப்புறத்தில் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. எப்பெல் என்பது அதன் பெயர். அனுபவத்தில் கற்றதைத் தகுதியாக ஏற்கும் முறை. முப்பது வயதுக்கு மேற்பட்டு, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா அளவில் கல்வியும் துறை சார்ந்த வேலை அனுபவமும் உள்ளவர், மதிப்பீட்டில் தேறினால் முதுகலைக்கு நேராக விண்ணப்பிக்கலாம். இருபது ஆண்டுகள் தோட்ட நிர்வாகத்திலோ தொழிற்சாலைக் கண்காணிப்பிலோ இருந்தவர்களுக்கு இது பொருந்தும். கதவு திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போன பிறகு அதே 40 கிரெடிட், அதே 3.00.

சில ஆயிரம் வெள்ளி கட்டினால் ஹோட்டல் மண்டபத்தில் அங்கி போட்டு டாக்டர் பட்டம் தருகிறவர்களையும் நம் சமூகம் அறியும். எங்கள் அலுவலகத்துக்கு அந்தப் படங்களும் வருகின்றன. எம்.கியூ.ஏ.வின் மலேசியத் தகுதிப் பதிவேடு இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. கல்லூரி பெயரை மட்டும் தேடாதீர்கள். நீங்கள் சேரப் போகும் அந்தக் குறிப்பிட்ட படிப்பு, அந்தப் படிப்பு முறையோடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டதா?

முதலில் தேதியைப் பாருங்கள். மேல்முறையீட்டுக் கெடு இன்னும் இருந்தால், காரணத்தை உணர்ச்சியாக அல்லாமல் ஆதாரமாக எழுதுங்கள். மருத்துவமனை ஆவணம், விடுப்புக் கடிதம், இதுவரை எழுதிய அத்தியாயங்கள், மீதியை எந்தெந்த மாதத்தில் முடிப்பீர்கள் என்ற அட்டவணை. மேற்பார்வையாளர் ஒரு பத்தி ஆதரவாக எழுதிக் கொடுத்தால் அதன் எடை வேறு. உயர்படிப்புப் பிரிவுக்கு நேரில் போங்கள். போகும்போது மலாய்க் கடிதம் எழுதப் பழகிய ஒருவரை வைத்துக் கடிதத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

கெடு கடந்துவிட்டால் புதிதாக விண்ணப்பிப்பதே வழி. முடித்த பாடங்களின் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றில் எவற்றை ஏற்பார்கள் என்பதைப் புதிய இடத்தில் சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பாடங்கள் பழையதாக ஆக ஆக ஏற்பது குறையும். அதனால் "பிள்ளை எஸ்.பி.எம். முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுவதில் இந்த இழப்பும் சேர்ந்திருக்கிறது.

சுங்கை சிப்புட் ஆசிரியை அப்படித்தான் மீண்டும் சேர்ந்திருக்கிறார், வேறொரு பல்கலைக்கழகத்தில். பழைய பாடங்களில் சிலவற்றை ஏற்றுக்கொண்டார்கள். சிலவற்றை மறுபடியும் படித்தார். பழைய இரண்டு அத்தியாயங்களில் ஒன்றைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார் புதிய மேற்பார்வையாளர், இன்னொன்று தேறியது. அம்மா இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார்.

நான் கிளம்பும்போது அவர் கைப்பேசியைக் காட்டினார். நாள்காட்டியில் பதிவு தொடங்கும் நாள், பதிவு முடியும் நாள், முன்னேற்ற அறிக்கை நாள், சமர்ப்பிப்பு அறிவிப்பு நாள் என்று சிவப்பில் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்பே மணி அடிக்குமாம். பதிவு முடியும் நாளுக்கு மட்டும் மூன்று முறை.

"போன செமஸ்டர் அந்த மணி அடிச்சப்போ நான் பாசார் மாலாம்ல மீன் வாங்கிட்டு இருந்தேன். பையை கீழ வச்சிட்டு அங்கேயே நின்னு பதிவு பண்ணேன்மா" என்றார்.